தமிழ்நாட்டு மருத்துவக் கல்விச் சேர்க்கையில் காத்திருப்போர் பட்டியல்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்விச் சேர்க்கையில் காத்திருப்போர் பட்டியல் என்பது, எம்.பி.பி.எஸ், பி.டி.எஸ் ஆகிய இளநிலைப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் இடம் கிடைக்காமல், பின்னர் ஏற்படக்கூடிய காலியிடங்களுக்காகத் தரவரிசைப்படி நிறுத்தி வைக்கப்படும் விண்ணப்பதாரர்களின் வரிசையைக் குறிக்கும். தமிழ்நாடு அரசின் மருத்துவக் கல்வித் துறையின் கீழ் இயங்கும் தேர்வுக் குழு இவ்வரிசையைப் பேணுகிறது. முதற்சுற்றில் இடம் பெற்ற ஒருவர் அதனைக் கைவிடும்போதும், வேறு கல்லூரிக்கு மாறும்போதும், ஒதுக்கப்பட்ட சிறப்புப் பிரிவு இடங்கள் நிரம்பாதபோதும் இவ்வரிசை நகர்கிறது.

பட்டியலில் உள்ள ஒருவரின் வாய்ப்பை அவரது மதிப்பெண் மட்டும் தீர்மானிப்பதில்லை. தமக்கு மேலுள்ளவர்கள் எந்நாளில் எம்முடிவை எடுக்கிறார்கள் என்பதும், சேர்க்கையின் கடைசி நாள் எது என்பதும் அதே அளவுக்கு முக்கியமானவை. கடைசி நாள் முடிந்தவுடன் பட்டியல் காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டுக்கு அது எடுத்துச் செல்லப்படுவதில்லை.

2022ஆம் ஆண்டு வரை அரசு மருத்துவக் கல்லூரி இல்லாதிருந்த திண்டுக்கல் மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையின் செயற்பாட்டை விளங்கிக்கொள்ளலாம்.

பட்டியல் உருவாகும் முறை

மருத்துவ இடங்கள் பல அடுக்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மொத்த இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. பிரதீப் ஜெயின் வழக்கு (1984), தினேஷ் குமார் வழக்கு ஆகியவற்றில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளின் தொடர்ச்சியாக 1986ஆம் ஆண்டிலிருந்து இவ்வொதுக்கீடு நடைமுறையில் உள்ளது. எஞ்சிய 85 விழுக்காடு இடங்களை மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. தனியார் கல்லூரிகள் மாநில அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இக்கலந்தாய்வில் சேர்க்கப்படுகின்றன.

மாநில இடங்கள் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி பின்வருமாறு பகுக்கப்படுகின்றன:

பொதுப் பிரிவு: 31 விழுக்காடு
பிற்படுத்தப்பட்டோர்: 26.5 விழுக்காடு
பிற்படுத்தப்பட்ட முசுலிம்கள்: 3.5 விழுக்காடு
மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர்: 20 விழுக்காடு
பட்டியல் சாதியினர்: 18 விழுக்காடு (இதில் 3 விழுக்காடு அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு)
பட்டியல் பழங்குடியினர்: 1 விழுக்காடு

பொதுப் பிரிவு இடங்கள் எச்சமூகத்தவருக்கும் உரியவை. அவை தரவரிசைப்படி முதலில் வருவோருக்குக் கிடைக்கும். எனவே ஒவ்வொரு விண்ணப்பதாரரும் ஒரே நேரத்தில் இரு வரிசைகளில் நிற்கிறார். ஒன்று அனைவருக்குமான பொதுத் தரவரிசை. மற்றொன்று அவரது வகுப்புக்குரிய தரவரிசை. காத்திருப்போர் பட்டியலும் வகுப்புவாரியாகவே கணக்கிடப்படுகிறது. பொதுத் தரவரிசையில் பின்தங்கியுள்ள ஒருவர் வகுப்புத் தரவரிசையில் முன்னணியில் இருக்கக்கூடும். செய்தித்தாள்களில் வெளியாகும் ஒற்றைக் கட்-ஆஃப் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தமது வாய்ப்பைக் கணிப்பவர்கள் தவறான முடிவுக்கு வருவதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான சிறப்புப் பிரிவு இடங்களுக்குத் தகுதியானோர் போதிய எண்ணிக்கையில் இல்லாவிடில், அவ்விடங்கள் பொதுக் கலந்தாய்வுக்குத் திரும்புகின்றன.

பட்டியல் நகரும் முறை

ஓர் இடம் காலியானால் பட்டியலின் முதல் ஆள் அந்த இடத்திலேயே சென்று அமர்வார் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் காலியிடம் கீழ்நோக்கி நகர்ந்து, வேறொரு கல்லூரியில் வேறொரு வகுப்பின் இடமாக மாறியே காத்திருப்பவரை அடைகிறது. கீழ்வரும் கற்பனை எடுத்துக்காட்டு இதனை விளக்கும்.

1. மதுரை மருத்துவக் கல்லூரியில் பொதுப் பிரிவு இடம் பெற்ற 'அ' என்பவர் அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு மாநிலக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து விலகுகிறார்.
2. தேனியில் பொதுப் பிரிவு இடம் பெற்று, மதுரையை முதல் விருப்பமாகக் குறித்திருந்த 'ஆ' மதுரைக்கு மாறுகிறார்.
3. திண்டுக்கல்லில் பொதுப் பிரிவு இடம் பெற்றிருந்த 'இ' தேனிக்கு மாறுகிறார்.
4. திண்டுக்கல்லில் காலியான பொது இடம், பொதுத் தரவரிசையில் அடுத்துள்ள 'ஈ' என்பவருக்கு உரியதாகிறது. அவர் ஏற்கெனவே கரூரில் பிற்படுத்தப்பட்டோர் இடம் ஒன்றைப் பெற்றவர். விதிகள் இடந்தரும் சுற்றாக இருந்து, அவரும் விரும்பினால் அவர் பொது இடத்துக்கு வருகிறார்.
5. கரூரில் காலியான இடம், பிற்படுத்தப்பட்டோர் காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ள 'உ' என்பவருக்குக் கிடைக்கிறது.

இங்கு ஒருவர் விலகியதால் மூவர் இடம் மாறினர். காத்திருந்தோரில் ஒருவர் உள்ளே வந்தார். 'உ' என்பவர் தமக்கு இடமளித்த 'அ' என்பவரை அறியமாட்டார். நடுவிலுள்ள மூவரில் ஒருவர் மாற்றத்தை மறுத்தாலும் சங்கிலி வேறு திசையில் செல்லும். எடுத்துக்காட்டாக, 'ஈ' கரூரிலேயே இருக்க விரும்பினால் திண்டுக்கல் பொது இடம் பொதுத் தரவரிசையில் அவருக்கு அடுத்தவரை நாடும். 'உ' தொடர்ந்து காத்திருக்க நேரிடும்.

மேலும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சுற்று தேவைப்படுகிறது. எத்தனை சுற்றுகள் நடத்தப்படுகின்றன, அவற்றுக்கிடையே எத்தனை நாட்கள் உள்ளன என்பனவே சங்கிலி முழுமையடைவதைத் தீர்மானிக்கின்றன.

நேரடிக் கலந்தாய்வு நடைபெற்ற காலத்தில், அழைக்கப்பட்டவர்கள் அசல் சான்றிதழ்களுடன் சென்னைக்கு நேரில் வர வேண்டியிருந்தது. முதற்கட்டக் கலந்தாய்வு முடிந்தபின் காத்திருப்போர் அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்பட்டனர். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த 2021-22 கல்வியாண்டுச் சேர்க்கையில் பொதுப் பிரிவுக் கலந்தாய்வு இணையவழிக்கு மாற்றப்பட்டது. இணையவழி முறையில் முந்தைய சுற்றில் இடம் பெறாத தகுதியாளர் அனைவரும் நடைமுறையில் காத்திருப்போரே ஆவர். அவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் விருப்பக் கல்லூரிகளின் வரிசையைக் குறித்த நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விருப்பப் பட்டியலில் சேர்க்காத கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் அது அவருக்கு ஒதுக்கப்படாது.

வரலாறு

மாவட்டவாரி ஒதுக்கீடும் அலகு முறையும்

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணையின்படி ஒவ்வொரு 14 இடங்களும் சமூகங்களுக்கிடையே பகிரப்பட்டன. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்யும் அதிகாரத்தை அரசுகளுக்கு வழங்கியது.

பின்னர் தமிழ்நாட்டில் மருத்துவ இடங்கள் மக்கள்தொகை அடிப்படையில் மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. பி. இராசேந்திரன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் 1968ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இம்முறையைச் செல்லாததாக அறிவித்தது. ஒரு மாவட்டத்தில் தகுதி குறைந்தவர் இடம் பெற, மற்றொரு மாவட்டத்தில் தகுதி மிகுந்தவர் விடுபட இது வழிசெய்கிறது என்பது நீதிமன்றத்தின் கருத்தாகும். அதனையடுத்து, கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்து ஒவ்வோர் அலகுக்கும் தனித் தேர்வு நடத்தும் முறை பின்பற்றப்பட்டது. பெரியகருப்பன் வழக்கில் 1970ஆம் ஆண்டு அதுவும் ஏற்கப்படவில்லை. மாநிலம் முழுமைக்கும் ஒரே தரவரிசை என்னும் கொள்கை இத்தீர்ப்புகளால் உறுதிப்பட்டது.

நுழைவுத் தேர்வுக் காலம்

1984ஆம் ஆண்டு தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. மேனிலைத் தேர்வின் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் 200க்கும், நுழைவுத் தேர்வு 100க்கும் கணக்கிடப்பட்டு மொத்தம் 300க்குத் தரவரிசை அமைக்கப்பட்டது.

69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஒதுக்கீடு 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் இந்திரா சகானி தீர்ப்பைச் சுட்டி இச்சட்டம் எதிர்க்கப்பட்டது. 50 விழுக்காடு ஒதுக்கீடு பின்பற்றப்பட்டிருந்தால் இடம் பெற்றிருக்கக்கூடிய பொதுப் பிரிவினருக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்குமாறு உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகள் இடைக்கால ஆணைகள் பிறப்பித்தது. இதனால் காத்திருந்தோரில் ஒரு பகுதியினர், யாரும் விலகாமலேயே, நீதிமன்ற ஆணை வழியாகச் சேர்க்கை பெற்றனர்.

மேனிலை மதிப்பெண் காலம் (2007-2016)

நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2007ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன்பின் மேனிலைத் தேர்வு மதிப்பெண்கள் மட்டும் 200க்குக் கணக்கிடப்பட்டன. உயிரியல் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கும் குறைக்கப்பட்டன. ஒவ்வொரு பாடத் தேர்வும் 200 மதிப்பெண்களுக்கு நடந்தமையால், இயற்பியலிலோ வேதியியலிலோ ஒரு மதிப்பெண் என்பது கட்-ஆஃபில் 0.25 ஆனது.

195 முதல் 200 வரையிலான இடைவெளியில் இக்கணக்கின்படி 21 வெவ்வேறு மதிப்புகளே இருக்க முடியும். போட்டி மிகுந்த இவ்விடைவெளியில் ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றனர். பாட மதிப்பெண், பிறந்த நாள் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் வரிசைப்படுத்தப்பட்டனர். அதன்பின்னும் சமநிலை நீடித்தால் கணினி வழங்கிய பத்து இலக்கச் சமவாய்ப்பு எண் (ரேண்டம் எண்) முடிவு செய்தது. ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் வரிசை எண் பெரிதும் கீழிறங்கியதால், விடைத்தாள் நகல் பெறுதல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகியன காத்திருப்போருக்கு முக்கியமாயின.

அக்காலத்தில் எய்ம்ஸ், ஜிப்மர் ஆகியன தனி நுழைவுத் தேர்வுகளை நடத்தின. அவற்றின் முடிவுகளும் அகில இந்திய ஒதுக்கீட்டுச் சுற்றுகளும் மாநிலப் பட்டியலில் காலியிடங்களை உருவாக்கின. 2020ஆம் ஆண்டிலிருந்து இவ்விரு நிறுவனங்களின் தனித் தேர்வுகள் நிறுத்தப்பட்டு, அவற்றின் இடங்களும் நீட் வழியாக நிரப்பப்படுகின்றன.

நீட் அறிமுகம்

2016ஆம் ஆண்டு அவசரச் சட்டம் ஒன்றின் வழியாக மாநில அரசு இடங்களுக்கு நீட் தேர்விலிருந்து ஓராண்டு விலக்குக் கிடைத்தது. 2017ஆம் ஆண்டு மீண்டும் விலக்குப் பெற மாநில அரசு முயன்றது. அக்கோடையில் மேனிலை மதிப்பெண்படி ஒரு வரிசையும் நீட் மதிப்பெண்படி மற்றொரு வரிசையும் மாணவர்முன் இருந்தன. எவ்வரிசை செல்லும் என்பது ஆகத்து வரை முடிவாகவில்லை. 2017 ஆகத்து 22 அன்று நீட் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இவ்வழக்கில் பங்கேற்ற அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா, மேனிலைத் தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண்களும் 196.75 மருத்துவக் கட்-ஆஃபும் பெற்றிருந்தார். நீட் தேர்வில் அவர் பெற்றது 720க்கு 86 ஆகும். முதல் வரிசையில் இடம் பெறக்கூடிய நிலையிலிருந்த அவர் இரண்டாம் வரிசையில் விடுபட்டார். 2017 செப்டெம்பர் 1 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது மறைவு தமிழ்நாடெங்கும் போராட்டங்களுக்கு வழிவகுத்தது.

7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு

நீட் அறிமுகத்துக்குப்பின் அரசுப் பள்ளி மாணவரில் மிகச் சிலரே மருத்துவ இடம் பெற்றனர். நீதியரசர் பொ. கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் படித்து நீட் தகுதி பெற்றோருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டமுன்வரைவு 2020 செப்டெம்பரில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. அக்டோபர் 16 அன்று நீட் முடிவுகள் வெளியான பின்னரும் ஆளுநரின் ஒப்புதல் வராததால் கலந்தாய்வு தொடங்கவில்லை. அக்டோபர் 29 அன்று மாநில அரசு அரசாணை பிறப்பித்தது. மறுநாள் ஆளுநர் ஒப்புதல் அளித்தார்.

2020 நவம்பர் 18 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. அவ்வாண்டு இவ்வொதுக்கீட்டில் 313 எம்.பி.பி.எஸ் இடங்களும் 92 பி.டி.எஸ் இடங்களும் இருந்தன. அரசுக் கல்லூரி இடங்கள் முடிந்தபின் தனியார் கல்லூரி இடங்களே எஞ்சின. அவற்றின் கட்டணத்தைச் செலுத்த இயலாத சிலர் தமக்குரிய இடத்தை மறுத்து வெளியேறினர். சில நாட்களுக்குள், இவ்வொதுக்கீட்டில் சேரும் மாணவரின் தனியார் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு முன்பே இடத்தைக் கைவிட்டவர்களில் சிலர் நீதிமன்றத்தை நாடினர். 2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அகில இந்திய ஒதுக்கீட்டில் மாற்றம்

முன்னர் அகில இந்திய ஒதுக்கீட்டின் இரண்டாம் சுற்றுக்குப்பின் நிரம்பாத இடங்கள் மாநிலங்களுக்குத் திரும்பின. மாநிலக் காத்திருப்போர் எதிர்நோக்கிய முதன்மையான வரவு இதுவே ஆகும். 2021-22 கல்வியாண்டிலிருந்து அகில இந்தியக் கலந்தாய்வு நான்கு சுற்றுகளாக விரிவாக்கப்பட்டு, இடங்களை மாநிலங்களுக்குத் திருப்பும் முறை நிறுத்தப்பட்டது. இதன்பின் மாநிலப் பட்டியலின் நகர்வு, அகில இந்தியச் சுற்றுகளில் இடம் பெற்று மாநில இடத்தை விட்டு விலகுவோரைப் பெரிதும் சார்ந்ததாயிற்று.

கடைசி நாளும் நீதிமன்றத் தீர்ப்புகளும்

மருத்துவச் சேர்க்கையின் கால அட்டவணை பல வழக்குகளுக்குப் பொருளாகியுள்ளது. கல்வியாண்டின் நடுவில் மாணவரைச் சேர்க்கக் கூடாது என்றும், ஓராண்டில் நிரம்பாத இடங்களை அடுத்த ஆண்டு இடங்களுடன் சேர்க்க முடியாது என்றும் மது சிங் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிருதுல் தார் வழக்கில் (2005) செப்டெம்பர் 30 கடைசி நாளாக வலியுறுத்தப்பட்டது. இந்நாள் பின்னர் முன்னும் பின்னும் மாற்றப்பட்டுள்ளது. எனினும் ஒரு குறித்த நாளுக்குப்பின் பட்டியல் செல்லாது என்னும் கொள்கை தொடர்கிறது.

இதன் விளைவாக, இடம் காலியாக இருந்தும் காத்திருப்பவர் அதனைப் பெற முடியாத நிலை ஏற்படக்கூடும். கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் அவ்விடம் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக வெறுமையாகவே இருக்கும். இதனைத் தடுக்கப் பிந்தைய சுற்றுகளில் இடம் பெற்றுச் சேராதோரின் முன்வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்தல் போன்ற விதிகள் கொண்டுவரப்பட்டன.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எஞ்சிய இடங்களுக்கு, காலியிடங்களைப் போல் பத்து மடங்கு எண்ணிக்கையில் தகுதியானோரின் பட்டியலை அனுப்பும் முறையை 2017 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கல்லூரிகள் தாமே ஆளைத் தேர்ந்தெடுத்துக் காத்திருப்போரைத் தாண்டிச் செல்வதைத் தடுப்பது இதன் நோக்கமாகும்.

தவறு நிருவாகத்தினுடையது எனில் மாணவருக்கு என்ன தீர்வு என்பது நெடுநாள் தெளிவின்றி இருந்தது. ஜாஸ்மின் கவுர் வழக்கில் (2014) இழப்பீடே தீர்வாகக் கருதப்பட்டது. கிருஷ்ண சிரத்தா வழக்கில் 2019 திசம்பர் 13 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு இதனை மாற்றியது. தம்மீது எத்தவறும் இல்லாத, காலந்தாழ்த்தாமல் நீதிமன்றத்தை அணுகிய தகுதியுள்ள மாணவருக்கு அரிதான நேர்வுகளில் சேர்க்கை வழங்கலாம் என்றும், அவ்வாண்டில் இயலாவிடில் அடுத்த ஆண்டில் வழங்கலாம் என்றும் அவ்வமர்வு கூறியது.

2024 திசம்பர் 20 அன்று, நாட்டில் மருத்துவர் பற்றாக்குறை உள்ள நிலையில் இடங்கள் வீணாகக் கூடாது எனக் கூறிய உச்ச நீதிமன்றம், எஞ்சிய இடங்களுக்குச் சிறப்புக் கலந்தாய்வு நடத்தி திசம்பர் 30ஆம் நாளுக்குள் முடிக்குமாறு ஆணையிட்டது. ஏற்கெனவே முடிந்த சேர்க்கைகளைக் கலைக்காமல், காத்திருப்போர் பட்டியலிலிருந்து மட்டுமே இவ்விடங்களை நிரப்ப வேண்டும் என்பது அதன் நிபந்தனையாகும்.

திண்டுக்கல் மாவட்டம்

திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டெம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே பழனி மலைத்தொடரும் தெற்கே சிறுமலையும் சூழ்ந்த இதன் சமவெளியில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் முதலிய ஊர்கள் உள்ளன. காய்கறி, மலர், மா ஆகியவற்றின் சாகுபடியும் வணிகமும், சின்னாளப்பட்டி நெசவும், திண்டுக்கல் நகரின் தோல் பதனிடும் தொழிலும் இங்குள்ள குடும்பங்களின் முக்கிய வாழ்வாதாரங்களாகும்.

மாவட்டம் உருவாகி 36 ஆண்டுகள் வரை இங்கு அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியே அருகில் இருந்தது. பின்னர் தேனி, சிவகங்கை (2012), கரூர் (2019) ஆகிய அண்டை மாவட்டங்களில் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. நேரடிக் கலந்தாய்வுக் காலத்தில் இம்மாவட்ட மாணவர்கள் சென்னைக்கு ஏறத்தாழ 420 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கு அடுத்த கட்டத்துக்காக இரண்டாம் பயணமும் தேவைப்பட்டது. அதற்குள் வேறு படிப்பில் சேர்ந்திருந்தால் அக்கல்லூரியில் ஒப்படைத்த அசல் சான்றிதழ்களையும் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

2022 சனவரி 12 அன்று பிரதமர் நரேந்திர மோதி காணொளி வழியாகத் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்து வைத்தார். அவற்றுள் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒன்றாகும். இப்பதினொரு கல்லூரிகளின் மொத்த இடங்கள் 1,450. திண்டுக்கல்லுக்கு 150 இடங்கள் கிடைத்தன. கொரோனாப் பெருந்தொற்றாலும் அகில இந்திய ஒதுக்கீட்டின் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்காலும் அவ்வாண்டுச் சேர்க்கை தாமதமடைந்தது. 2021 செப்டெம்பர் 12 அன்று நீட் எழுதியவர்களுக்கு 2022 பெப்ரவரி 14 அன்றே முதலாண்டு வகுப்புகள் தொடங்கின.

புதிய கல்லூரி திண்டுக்கல் மாவட்ட மாணவருக்குத் தனி முன்னுரிமை எதனையும் வழங்கவில்லை. 1968ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப்பின் மாவட்டவாரி ஒதுக்கீட்டுக்கு இடமில்லை. திண்டுக்கல்லின் 150 இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் எஞ்சியவை மாநிலத் தரவரிசைக்கும் செல்கின்றன. ஆகவே ஒரு கல்லூரி எவ்வூரில் திறக்கப்பட்டாலும், மாநிலம் முழுவதிலுமுள்ள காத்திருப்போரின் வரிசையே அவ்வளவுக்குக் குறைகிறது. வேடசந்தூர் மாணவருக்கு இதனால் கிடைக்கும் பயன், கன்னியாகுமரி மாணவருக்குக் கிடைக்கும் பயனுக்குச் சமம். உள்ளூருக்குக் கிடைக்கும் தனிப் பயன், கல்லூரியுடன் இணைந்த மருத்துவமனையின் விரிவாக்கமும், இடம் பெற்றவர் வீட்டுக்கு அருகில் படிக்கக்கூடிய வாய்ப்புமே ஆகும்.

காத்திருப்பின் விளைவுகள்

காத்திருப்போர் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். முதலாவது, பல் மருத்துவம், சித்த மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் போன்ற வேறு படிப்பில் சேர்ந்து, பட்டியல் நகர்ந்தால் விலகுவது. இதனால் அப்படிப்புகளிலும் காலியிடங்கள் ஏற்படுகின்றன. செலுத்திய கட்டணம் முழுமையாகத் திரும்பக் கிடைப்பதும் உறுதியன்று. இரண்டாவது, கடன் பெற்றேனும் தனியார் கல்லூரியின் நிருவாக ஒதுக்கீட்டில் சேர்வது. மூன்றாவது, அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு மீண்டும் ஆயத்தமாவது. நீட் மதிப்பெண் அவ்வோராண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், பட்டியலில் ஓர் இடத்தில் தவறியவரும் புதிதாகவே தொடங்க வேண்டும்.

மூன்றாம் வழியின் பரவலை நீதியரசர் ஏ. கே. இராசன் குழு பதிவு செய்தது. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய அமைக்கப்பட்ட இக்குழு 2021 சூலையில் அறிக்கை அளித்தது. அவ்வறிக்கையின்படி, 2016-17ஆம் ஆண்டில் 12.47 விழுக்காடாக இருந்த மறுமுயற்சி மாணவரின் பங்கு 2020-21ஆம் ஆண்டில் 71.42 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது, மேனிலைக் கல்வி முடித்த ஆண்டிலேயே முயல்வோர் சிறுபான்மையினராயினர். ஓராண்டு வருவாயின்றிப் பயிற்சிக் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களுக்கே நீண்ட காத்திருப்பு இயலும் என்பதால், வரிசையில் நிற்கும் காலமே பொருளாதாரத் தகுதியாகிறது என்னும் திறனாய்வு முன்வைக்கப்படுகிறது. ஒரே தேர்வு நாடு முழுவதற்கும் பொது அளவுகோலைத் தருகிறது என்றும், தனியார் கல்லூரிகளின் தன்விருப்பச் சேர்க்கையைக் கட்டுப்படுத்துகிறது என்றும் நீட் ஆதரவாளர்கள் கூறுகின்றனர்.

இக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2021 செப்டெம்பர் 13 அன்று நீட் விலக்குச் சட்டமுன்வரைவு தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுநர் அதனைத் திருப்பியனுப்பியதால் 2022 பெப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றப்பட்டது. குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் மறுத்ததாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு. க. இசுடாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

தேர்வு முடிவுக்கும் இறுதிச் சுற்றுக்கும் இடைப்பட்ட காலம் மாணவருக்கு மன அழுத்தம் மிகுந்ததாகும். முடிவு 'இல்லை' என உறுதியாகாமையால் வேறு திட்டத்தை முழுமனத்துடன் மேற்கொள்ள இயலாமை இக்காலத்தின் தனித்தன்மையாகும். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண் வழியாக நீட் எழுதிய மாணவருக்கு உளவியல் ஆலோசனை வழங்கப்பட்டு வந்துள்ளது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாடளாவிய டெலி-மானசு சேவையின் 14416 என்னும் எண்ணும் இதற்குப் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்க

தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு
தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு
திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி
மதுரை மருத்துவக் கல்லூரி
திண்டுக்கல் மாவட்டம்